வாய் திறக்க வைக்கும் ஆட்டம்தான் ஆங்கிலத்துக்கு ஆகும்

மேலூர் பக்கம் ஒரு ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் வைத்துப் பாடம் எடுக்கிறேன். 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு வகுப்பில் ஆட்டமும் பாட்டும் பழகிப்போன விஷயம்தான். ஆனால் ஆங்கிலத்துக்கு எந்த ஆட்டம் என்று புதிதாக வரும் ஆசிரியர்கள் கேட்டால், பத்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை தடவை வாய் திறக்கிறது என்று பாருங்கள் என்பேன். சிரிப்பும் கூச்சலும் கணக்கில் சேராது.

பாண்டிக் கட்டத்தில் எழுத்துகளை எழுதி நொண்டியடிக்க விட்டால் பார்க்க ஜோராக இருக்கும். பார்வைக்கு வரும் அதிகாரிக்கும் பிடிக்கும். ஆனால் ஒருத்தி தாண்டுவாள், மற்றவர்கள் வரிசையில் நின்று இடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒத்தையா இரட்டையா விளையாட்டைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். புளியங்கொட்டையை எங்கள் ஊரில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆளுக்குப் பத்து. இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சில கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு “ஹவ் மெனி?” என்று கேட்க வேண்டும். “ஃபோர்?” “நோ.” “சிக்ஸ்?” “எஸ்!” மூன்று தடவைக்குள் சொல்லிவிட்டால் கொட்டை சொன்னவருக்கு. ஆனால் “ஒன், டூ” என்று எண்ணித்தான் எடுக்க வேண்டும். அங்கேதான் சண்டை வரும். ஃபைவை விட்டுவிட்டு சிக்ஸுக்குத் தாவினால் எதிராளி சும்மா விடுவானா? நான் திருத்த வேண்டிய வேலையே இல்லை. நடுநடுவே தமிழில் திட்டிக்கொள்வார்கள், கண்டுகொள்ளாதீர்கள். கேள்வியும் எண்ணும் ஆங்கிலத்தில் வந்தால் போதும்.

தனியாகப் பேசக் கூசும் பிள்ளைக்கு ‘பூப்பறிக்க வருகிறோம்’ நல்லது. அதில் மாதத்தின் பெயர் ஏற்கெனவே ஆங்கிலத்தில்தான் வருகிறது. “விச் மன்த்?” “ஜூலை!” “விச் கலர்?” “ஒயிட்!” என்று இரண்டு வரிசையும் சேர்ந்து கத்தும்போது கூச்சக்காரியின் குரலும் அதோடு வந்துவிடும்.

ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த கையோடு யாரையும் பேசச் சொல்லாதீர்கள். “டச் யுவர் நோஸ்”, “ஜம்ப்” என்று நீங்கள் சொல்லச் சொல்லச் செய்தாலே போதும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் முன்வைத்த முறை இது. அப்புறம், கட்டளை போடும் வேலையை மெதுவாகப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம்.

எந்த ஆட்டமானாலும் ‘அவுட்’ வேண்டாம். முதலில் வெளியேறுவது எப்போதும் தடுமாறுகிற பிள்ளைதான், அதற்குத்தானே பயிற்சி அதிகம் வேண்டும்? தோற்றவர் அடுத்த கட்டளையைச் சொல்லட்டும்.

சத்தம் இருக்கத்தான் செய்யும். பக்கத்து வகுப்பில் முறைத்தால் மரத்தடிக்குப் போய்விடுங்கள். முடிந்ததும் கொட்டைகளை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். மூக்கில் போட்டுப் பார்க்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று உண்டு.