கியாப்போவின் வெள்ளிக்கிழமை

மணிலாவில் என்னிடம் வரும் விருந்தினர்கள் முதலில் கேட்பது இன்ட்ராமுரோஸ் கோட்டையைத்தான். நான் அவர்களை நகரின் பழைய பகுதியான கியாப்போவுக்கு அழைத்துப் போகிறேன், அதுவும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து. கோட்டைக்குள் ஸ்பானியர்களின் கதை இருக்கிறது. இந்நகரத்து மக்களின் கதைக்குக் கியாப்போதான் இடம் என்பது என் உறுதியான எண்ணம்.

வெள்ளிதோறும் இங்குள்ள கத்தோலிக்கக் கோயிலில் கறுப்பு நசரேனோவைத் தரிசிக்கக் கூட்டம் அலைமோதும். சிலுவை சுமக்கும் கரிய இயேசுவின் இந்த மரச்சிலை 17-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவிலிருந்து கப்பலில் வந்தது. கோயிலின் நடுவழியில் முழங்காலிட்டபடியே நகர்கிறவர்களைப் பார்த்தால் பேச்சு வராது. ஜனவரி 9 அன்று செந்நிறச் சட்டையும் வெறுங்காலுமாக வடம் பிடிக்க இலட்சக்கணக்கானோர் திரள்கிறார்கள். வாசலில் வேண்டுதலுக்கு ஒரு நிறமாக மெழுகுவத்திகள்; பக்கத்திலேயே தாயத்தும் மூலிகை வேர்களும்.

அதே வெள்ளிக்கிழமை நண்பகலில், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பொன்மசூதியில் ஜும்ஆ தொழுகை. லிபியாவின் கடாஃபி வருவார் என்று இமெல்டா மார்க்கோஸ் 1976-இல் கட்டுவித்தது அது. கடாஃபி வரவில்லை. தெற்குத் தீவான மிண்டனாவோவிலிருந்து குடிபெயர்ந்த முஸ்லிம்களுக்கு அது சொந்தமாகிவிட்டது.

கோயிலுக்கு முன்னால் இருப்பது பிளாசா மிராண்டா. "இதை பிளாசா மிராண்டாவில் நின்று நியாயப்படுத்த முடியுமா?" என்று மக்சாய்சாய் கேட்பாராம், ஒரு குடியரசுத் தலைவர் மக்களுக்கு அஞ்சிய காலம் அது. 1971 ஆகஸ்ட் 21 இரவு, எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் தேர்தல் மேடைமீது இங்கேதான் கையெறி குண்டுகளை வீசினார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். மேடையிலிருந்த செனட் வேட்பாளர்கள் பலர் படுகாயமுற்றார்கள். அப்போதைய குடியரசுத் தலைவர் மார்க்கோஸ், கைதானவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு உரிமையை உடனே நிறுத்திவைத்தார். மறு ஆண்டு இராணுவச் சட்டம் வந்தது. ஆனால் குண்டு வீசிய அதே 1971-இன் நவம்பரிலோ, எட்டு செனட் இடங்களில் ஆறை மக்கள் லிபரல்களுக்கே தந்தார்கள். இதைச் சொல்லாமல் யாரையும் அந்தச் சதுக்கத்தைக் கடக்க நான் விடுவதில்லை.

எனக்கு மனம் கனப்பது இடால்கோ தெருவில்தான். செல்வர்களின் மாளிகைகள் நின்ற தெரு. இன்று எஞ்சியிருப்பவை சில. அருகே பாவுத்தீஸ்தா தெருவில் 1914-இல் கட்டிய நக்பில் வீடு மட்டும் அருங்காட்சியகமாகப் பிழைத்திருக்கிறது. ஸ்பானியரை எதிர்த்த புரட்சித் தலைவர் போனிஃபாசியோவின் மனைவியாக இருந்து, அவருடைய கத்திபூனான் இயக்கத்தின் இரகசிய ஆவணங்களைக் காத்த கிரெகோரியா டி ஹெசூஸ், பின்னர் இசையமைப்பாளர் ஹூலியோ நக்பிலை மணந்து வாழ்ந்த வீடு அது. புகைப்படக் கருவி வாங்க இடால்கோவுக்கு வருகிறவர்கள் இன்னும் சில அடி நடந்து அதன் படியேற வேண்டும். ஆள் வராத வீடுகளைத்தான் இந்தத் தெரு முதலில் இழந்திருக்கிறது.