தாடைத் துண்டு ஸ்பாட்டராக வந்தால்

எம்.எஸ்சி. நிலவியல் செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டராக, அதாவது பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய மாதிரியாக, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு புதைபடிவத் தாடைத் துண்டு வைத்திருந்தார்கள். ஒரு பல்தான் முழுசாக இருந்தது. கூம்பு வடிவம், நீளவாக்கில் வரிவரியாகக் கோடுகள். பார்த்த வேகத்தில் 'முதலை' என்று எழுதிவிட்டேன். விடை இக்தியோசார், மீன் போன்ற உடலுடன் வாழ்ந்து அழிந்துபோன கடல் ஊர்வன. மதிப்பெண் போனதைவிட, துண்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் எழுதியதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பல் எந்த வடிவம் என்பதைவிட அது தாடையில் எப்படி நிற்கிறது என்பதை முதலில் பார்த்திருக்க வேண்டும்.

கொங்குப் பக்கம் படிக்கிற நமக்கு இதில் ஒரு சிரமம் உண்டு. சுற்றிலும் நைஸ், சார்னோகைட் என்ற உருமாறிய பாறைகள்தான். மதுக்கரை, சங்ககிரி சுண்ணாம்புக்கல்கூட வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. அதில் எலும்பைத் தேட முடியாது. டைனோசார்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுப்போன படிவுகளைப் பார்க்க அரியலூர்ப் பக்கம் ஃபீல்டு போக வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை போய்வந்தால் கண் பழகுமா? அதனால் நான் கறிக்கடையில் ஆரம்பித்தேன்.

ஆட்டுத் தாடை ஒன்றை வாங்கி நன்றாக வேகவைத்து, சதையை வழித்துவிட்டுப் பற்களைப் பிடுங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனிக் குழி தெரியும். அப்புறம் ஒரு விரால் மீன் தலையை அதேபோல் செய்யுங்கள். பல் கழன்று வராது, ஒடிந்துதான் வரும். எலும்போடு எலும்பாக ஒட்டியிருக்கும். இந்த இரண்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

இனி புதைபடிவத்துக்கு வருவோம். ஒரே நீள வாய்க்காலுக்குள் பற்கள் வரிசையாக நின்று, வேர்ப்பக்கம் மடிப்பு மடிப்பாக இருந்தால் இக்தியோசார். தனித்தனிக் குழி என்றால் துடுப்புக் கால்கள் கொண்ட கடல் ஊர்வனவான பிளீசியோசாராக இருக்கலாம், முதலையாகவும் இருக்கலாம், அவசரப்படாதீர்கள். பல்லுக்கு அடியில் தடித்த எலும்புப் பீடமும், அதன் உள்பக்கம் அடுத்த பல் முளைக்கும் பள்ளமும் தெரிந்தால் மோசசார் என்ற பழங்காலக் கடல் பல்லி. அழிந்துபோன என்கோடஸ் போன்ற மீன்களுக்கு நம்ம விரால் கதைதான். சுறாவுக்குத் தாடை குருத்தெலும்பு, அது படிவமாவது அபூர்வம். பற்கள்தான் உதிரியாகக் கிடைக்கும். ஆகவே கையில் இருப்பது கெட்டியான எலும்பு என்றால் சுறா என்று எழுதவே வேண்டாம்.

பல்லே இல்லாத துண்டுதான் கஷ்டம். பாஸ்பேட் உருண்டையும் எலும்பும் வெளியே ஒரே மாதிரி பழுப்பாக இருக்கும். உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். எலும்பு என்றால் ஓரம் இறுக்கமாகவும் உள்ளே ஸ்பாஞ்சு போலவும் இருக்கும். நரம்பும் ரத்தக் குழாயும் வெளிவந்த சிறு துளைகள் வரிசையாக இருந்தால், அந்தப் பக்கம் தாடையின் வெளிப்புறம்.

இன்னொன்று. சுண்ணாம்புக்கல்லைச் சோதிக்கிற பழக்கத்தில் ஆசிட் சொட்டை இதன்மேல் விட்டுவிடாதீர்கள். எலும்பை அது அரித்துவிடும். ஊசியும் பிரஷும் போதும்.

அடுத்த செமஸ்டரில் விடைத்தாளில் பல் நிற்கும் விதத்தை முதல் வரியிலும் பெயரைக் கடைசி வரியிலும் எழுதினேன். அந்த முறை வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்ட கேள்விகள் எல்லாமே என் முதல் வரியிலிருந்துதான் வந்தன.