வெக்டார் தேடல் படிக்கிறீர்களா? இண்டெக்ஸ் இல்லாமல் தொடங்குங்கள்

டேட்டாபேஸ் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த கேள்வி இது. கட்டுரைகளின் எம்பெடிங்குகள், அதாவது பொருளைக் குறிக்கும் எண் வரிசைகளான வெக்டார்கள், ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டேபிளில் இருக்கின்றன. கொடுத்த வாக்கியத்துக்குப் பொருளில் நெருங்கிய பத்துக் கட்டுரைகளை, ஒரே ஒரு பிரிவுக்குள் தேடி எடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸுக்கு வெக்டார் தேடலைத் தரும் பிஜிவெக்டார் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒப்பிடாமல் தோராயமாக, வேகமாகத் தேடும் ஹெச்என்எஸ்டபிள்யூ இண்டெக்ஸ் போட்டு, குவெரியை ஓட்டினேன். நான்கு வரிகள் (rows)தான் வந்தன. அந்தப் பிரிவில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருந்தும் ஏன் நான்கு என்று தெரியாமலே நேரம் முடிந்துவிட்டது.

பிறகு படித்தபோதுதான் புரிந்தது. இண்டெக்ஸ் முதலில் நெருங்கிய வெக்டார்களைப் பொறுக்கி எடுக்கிறது. பிரிவைக் குறிப்பிடும் WHERE நிபந்தனை அப்புறம்தான் அவற்றைச் சலிக்கிறது. எத்தனையைப் பொறுக்க வேண்டும் என்பதை ஈஎஃப் சர்ச் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. நாம் மாற்றாவிட்டால் அது 40. பிரிவு மொத்த டேபிளில் பத்தில் ஒரு பங்கு என்றால், நாற்பதில் சராசரியாக நான்குதான் தேறும். அந்த எண்ணை உயர்த்தலாம். பிஜிவெக்டாரின் 0.8 பதிப்பிலிருந்து, போதிய வரிகள் கிடைக்கும்வரை தேடலைத் தொடரச் சொல்லும் வசதியும் உண்டு. பிரிவு சிறியது என்றால் பிரிவு இருக்கும் பத்திக்கு (column) ஒரு சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸே போதும். மிஞ்சும் வரிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிடலாம்.

இண்டெக்ஸ் போடும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் பத்து வரிகள் வந்திருக்கும், தவறு எங்கே என்று உடனே தெரிந்திருக்கும். அதனால் இப்போது இப்படித்தான் படிக்கிறேன். சில ஆயிரம் வரிகளை ஏற்றி, இண்டெக்ஸ் இல்லாமல் தேடுகிறேன். எல்லா வரிகளையும் ஒப்பிடுவதால் அந்த விடை துல்லியமானது. அதை விடைத்தாளாக எடுத்து வைத்துக்கொண்டு, இண்டெக்ஸ் போட்டபின் வரும் பத்தில் எத்தனை அதோடு பொருந்துகின்றன என்று எண்ணுகிறேன். ரீகால் என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான். ஈஎஃப் சர்ச்சைக் கூட்டிக் குறைத்து இந்த எண்ணும் நேரமும் எப்படி நகர்கின்றன என்று ஒரு மாலை முழுக்கப் பாருங்கள். எந்த விளக்கமும் இவ்வளவு தெளிவைத் தராது.

பிஜிவெக்டாரின் இன்னொரு வகையான ஐவிஎஃப்பிளாட் இண்டெக்ஸை டேட்டா ஏற்றியபின்தான் போட வேண்டும். இருக்கும் வெக்டார்களை வைத்தே அது குழுக்களைப் பிரிக்கிறது.

பலர் சறுக்கும் இன்னொரு இடம் தூரத்தை அளக்கும் குறிகள்: <=> கோசைன் தூரம், <-> யூக்ளிட் தூரம். கோசைனுக்குப் போட்ட இண்டெக்ஸ் மற்றதற்கு உதவாது. ஒன்றிலிருந்து தூரத்தைக் கழித்து, ஒற்றுமை மதிப்பை இறங்குவரிசையில் அடுக்கினாலும் இண்டெக்ஸ் ஓரமாக நின்றுவிடும். தூரத்தையே ஏறுவரிசையில் ஆர்டர் பை செய்து, லிமிட் கொடுங்கள். குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெயின் போட்டுப் பார்க்காமல் எந்தக் குவெரியையும் நம்ப வேண்டாம்.

அளவுக் கணக்கும் கேட்பார்கள். வெக்டாரின் ஒரு பரிமாணத்துக்கு, அதாவது அதிலுள்ள ஓர் எண்ணுக்கு, 4 பைட்; வெக்டார் ஒவ்வொன்றுக்கும் மேலே 8 பைட். 1536 பரிமாணம் என்றால் ஒரு வெக்டாருக்கு 6152 பைட்; பத்து லட்சம் வரிகளுக்கு இண்டெக்ஸைச் சேர்க்காமலே 6 ஜிபி தாண்டும். சாதாரண வெக்டார் வகையில் 2000 பரிமாணம் வரைதான் இண்டெக்ஸ் போட முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மறுதேர்வில் அதே மாதிரிக் கேள்வி வந்தது. முதலில் இண்டெக்ஸ் இல்லாமல் ஓட்டிப் வந்த பத்துக் கட்டுரைகளின் எண்களைக் குறித்துக்கொண்டேன்.