20.9, 21.0

"அப்பா, பேரைப் பாக்காம சொல்லு, இதுல யாரு பெரிய ஆளு?"

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பையன் போனை நீட்டினான். பெயர்களைக் கட்டைவிரலால் மறைத்திருந்தான்.

20.9. 21.0. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 2003-04 சீசன், இரண்டு புதுமுகங்கள், ஆட்டத்துக்குச் சராசரிப் புள்ளிகள்.

21.0-ஐக் காட்டினேன். விரலை எடுத்தான். கார்மெலோ ஆண்டனி. அந்த 20.9, லெப்ரான் ஜேம்ஸ்.

சிரித்தான். நானும் விடவில்லை.

அணிகள் வரிசையாகப் புது வீரர்களை எடுக்கும் 2003 டிராஃப்டில் லெப்ரான் முதலாவது, மெலோ (கார்மெலோதான்) மூன்றாவது. இவர்கள் போய்ச் சேர்ந்த கிளீவ்லேண்ட், டென்வர் அணிகள் அதற்கு முந்தைய சீசனில் சொல்லிவைத்த மாதிரி ஆளுக்கு 17 ஆட்டம்தான் ஜெயித்திருந்தன. மெலோ வந்ததும் டென்வர் 43 ஜெயித்து பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுக்குப் போனது, கிளீவ்லேண்ட் 35-இல் நின்றுவிட்டது.

ஆனாலும் சிறந்த புதுமுக விருது லெப்ரானுக்கு.

அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது. இப்போது பக்கத்துக் கட்டத்தில் இருந்த அசிஸ்ட் கணக்கைப் பார்த்தேன், அதாவது கூட்டாளி புள்ளி எடுக்கப் பந்து கொடுத்த கணக்கு. லெப்ரானின் 5.9க்கு எதிரே மெலோவின் 2.8. பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த பையன், தான் போட்டது போக மற்றவர்களுக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

சரி, 2004 கோடையில் இதையெல்லாம் யார் பார்த்தது?

"அப்போ நீ தோத்துட்டல்ல?"

"சாப்பிடுடா, ஆறுது."