நாலாம் பக்கம்

ஒரு சிறிய நகராட்சியின் கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிரிவு என்றால் மூன்று மேசை, இரண்டு அலமாரி, அவ்வளவுதான். காகிதக் கட்டிலிருந்து குப்பை லாரி, தெருவிளக்கு, குடிநீர் பம்ப் வரை நகராட்சி வாங்கும் எல்லாம் அந்த மூன்று மேசை வழியாகத்தான் போகும். டெண்டர் என்றதும் வெளியே இருப்பவர்களுக்கு உறை பிரிக்கும் நாள் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் மன்றத்தில் உறுப்பினர்கள் கை தூக்கும் நேரம். ஆனால் பெரும்பாலான கொள்முதல்கள் அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகின்றன, நமக்கு என்ன வேண்டும் என்று எழுதுகிற பக்கத்தில். எங்கள் டெண்டர் ஆவணத்தில் அது நாலாம் பக்கமாக இருந்தது. இதை நான் தெரிந்துகொண்டது நானே செய்த ஒரு தப்பினால்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. நீரேற்று நிலையத்துப் பம்ப் அடிக்கடி நின்றுபோனது, புதிதாக வாங்க முடிவானது. நாலாம் பக்கத்தை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பம்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த வாரம் அலுவலகத்துக்கு வந்திருந்த ஒரு விற்பனையாளர், "ஏன் சார் சிரமப்படுறீங்க, எல்லாம் இதுலயே இருக்கு" என்று தன் நிறுவனத்தின் கையேட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைப் பார்த்து வரிக்கு வரி எழுதினேன். தண்டின் விட்டம் மில்லிமீட்டர் கணக்கில், மொத்த எடை, கால் துளைகளுக்கு இடையே உள்ள தூரம் என்று எதையும் விடவில்லை. இத்தனை விவரமாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று அன்றைக்கு நம்பினேன்.

ஒரே ஒரு விலைப்புள்ளி வந்தது.

விதிப்படி எல்லாம் சரியாக நடந்திருந்தது. அறிவிப்பு கொடுத்தாயிற்று, நாள் கொடுத்தாயிற்று, உறையும் எல்லார் முன்னாலும் பிரித்தாயிற்று. கோப்பு மன்றக் கூட்டத்துக்குப் போனது. எங்கள் மன்றத்தில் வழக்கமான பொருள்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே தீர்மானமாக நிறைவேற்றுவார்கள். எந்த உறுப்பினராவது கேட்டால்தான் ஒரு பொருளைத் தனியாக எடுத்துப் பேசுவார்கள். இந்த முறை இல்லாவிட்டால் சின்னச் சின்ன அனுமதிகளிலேயே கூட்டம் நள்ளிரவைத் தொட்டுவிடும், அதனால் இதைக் குறை சொல்ல மாட்டேன். பம்பும் அந்தக் கட்டில்தான் இருந்தது. வயதான ஒரு பெண் உறுப்பினர் எழுந்தார். "தலைவர் அவர்களே, பம்ப் விற்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் ஒருவரே கேட்டிருக்கிறார்?" என்றார். மேடையில் யாரிடமும் பதில் இல்லை. பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் என் பிரிவுத் தலைவர் நாலாம் பக்கத்தை என் முன்னால் வைத்தார்.

"இது எங்கேருந்து எடுத்தே?"

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, நமக்கு வேண்டியது இரும்பா, தண்ணியா?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் பொறியாளரையும் உட்கார வைத்து அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினோம். ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் லிட்டர், எத்தனை மீட்டர் உயரத்துக்கு, எத்தனை மணி நேரத்தில், பழுதானால் எவ்வளவு நேரத்துக்குள் ஆள் வர வேண்டும். பம்ப் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதினோம், அது எப்படிச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டோம். பின்னாளில் ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 2011-இல் வெளியிட்ட பொதுக் கொள்முதல் மாதிரிச் சட்டத்தைப் படித்தபோது இதே விஷயம் அதிலும் இருந்தது: இயன்றவரை வணிகப் பெயரைக் குறிப்பிடக் கூடாது, வேறு வழியே இல்லாமல் குறிப்பிட்டால் 'அல்லது அதற்கு இணையானது' என்று சேர்க்க வேண்டும். என் நாலாம் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லைதான். ஆனால் அந்த மில்லிமீட்டர் கணக்கே அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை நான்கு பேர் வந்தார்கள். ஆனால் குறைந்த விலை சொன்னவருக்கே கொடுத்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. பொறியாளர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு நாளைக்கு 20 லட்சம் லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் உயரம் ஏற்ற, இழப்பே இல்லாவிட்டால் சுமார் 163 யூனிட் மின்சாரம் போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 60 சதவீதத் திறனில் ஓடினால் அது 272 யூனிட் ஆகும், 75 சதவீதத்தில் ஓடினால் 218. ஒரு நாளைக்கு 54 யூனிட் வித்தியாசம், ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 யூனிட். பம்ப் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடும். வாங்கும்போது மிச்சமானதாகத் தெரிகிற பணத்தைப் போல் பல மடங்கு மின்கட்டணத்தில் போய்விடும். ஆனால் மின்செலவையும் சேர்த்து ஒப்பிடப் போகிறோம் என்பது டெண்டர் ஆவணத்திலேயே இருந்தாக வேண்டும். உறை பிரித்த பிறகு இப்படி ஒரு கணக்கை நுழைத்தால், எவ்வளவு நியாயமான கணக்கானாலும் அது மோசடிதான். எங்கள் பிரிவுத் தலைவர் அதை முன்கூட்டியே எழுத வைத்திருந்தார். விலையில் இரண்டாவதாக இருந்தவருக்கு ஒப்பந்தம் போனது, ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

அன்று முதல் நாலாம் பக்கத்தை நானே மூன்று முறை படிக்காமல் எந்தக் கோப்பையும் அனுப்பியதில்லை.

உறை பிரிக்கும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒருவர் நான்கு நிமிடம் தாமதமாக மூச்சு வாங்க ஓடி வந்தார். அவருடைய உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் இன்னும் மனதில் இருக்கிறது. ஆனாலும் அதில் எனக்கு வருத்தமில்லை. நான்கு நிமிடத்தை மன்னித்தால், நேரத்துக்கு வந்தவர்களின் விலை வெளியே கசியவில்லை என்று யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. இன்னொரு முறை, இரண்டு வேறு வேறு நிறுவனங்களின் கடிதங்களில் ஒரே சொல்லில் ஒரே எழுத்துப்பிழை, கூட்டல் கணக்கிலும் ஒரே தவறு. போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசி விலை வைப்பதைக் கண்டுபிடிக்க பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இப்படிப்பட்ட பிழைகள் ஓர் அறிகுறியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்த டெண்டரை ரத்து செய்யப் பரிந்துரைத்துக் குறிப்பு எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது.

எல்லாத் தவறுகளும் இப்படிக் கண்ணில் படாது. டெண்டர் வேண்டாத அளவுக்குள் அடங்கும்படி ஒரே வேலையை மூன்று துண்டாக்கி மூன்று கோப்பாக அனுப்புவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சுத்தமாக இருக்கும், தேதிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். பராமரிப்பை மறந்ததால் நின்றுபோன இயந்திரத்துக்கு 'அவசரக் கொள்முதல்' என்று கோப்பு வரும். நிஜமான அவசரமும் உண்டு. குழாய் உடைந்து ஊருக்கே தண்ணீர் இல்லாத இரவில் டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியாது. வாங்கிவிட்டு, அடுத்த கூட்டத்திலேயே காரணத்தோடு மன்றத்தின் முன் வைக்க வேண்டும். தள்ளிப்போடத் தொடங்கினால் காரணமும் மாறத் தொடங்கும்.

மன்ற உறுப்பினர்களைப் பற்றி வெளியே இளக்காரமாகப் பேசுவார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். சாலை ஒப்பந்தம் ஒன்று விவாதத்துக்கு வந்தபோது ஒரு உறுப்பினர் எழுந்து, கேட்டிருப்பவர்களில் ஒருவர் தன் மைத்துனர் என்று பதிவு செய்யச் சொல்லிவிட்டு வெளியே போனார். வாக்கெடுப்பு முடியும் வரை தாழ்வாரத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். நடவடிக்கைக் குறிப்பில் அது ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதியபோது இந்த வேலையில் இருப்பதற்காகச் சந்தோஷப்பட்டேன்.

பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்று, நான் அந்த நாற்காலிக்கு வந்ததும் ஒரு மாற்றம் செய்தேன். மன்றத்துக்குப் போகும் கொள்முதல் கோப்பு ஒவ்வொன்றின் மேலும் ஒரு தனித் தாள் இருக்க வேண்டும்: எதற்காக வாங்குகிறோம், எத்தனை பேர் கேட்டார்கள், ஏன் இவருக்கு. ஒருவர் மட்டுமே கேட்டிருந்தால் அதற்கு என்ன காரணம் என்றும் எழுத வேண்டும். அந்தத் தாளுக்கு அடியிலேயே நாலாம் பக்கத்தின் நகல். ஆரம்பத்தில், இது கூடுதல் வேலை என்று பிரிவில் முணுமுணுத்தார்கள்.

முதல் தாள் போன கூட்டத்தில் அந்தப் பெண் உறுப்பினரும் இருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேல் தாளைப் படித்தார். பிறகு அதைப் புரட்டி நாலாம் பக்கத்தை விரல் வைத்துப் படித்து முடித்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை, கையைத் தூக்கினார்.