மைக் கூச்சம் தெளிந்த விதம்

உரிமம் கைக்கு வந்த பிறகும் வெகுநாள் நான் கேட்பதோடு நின்றுகொண்டேன். பொழுதுபோக்காக வானலையில் பேசுவதற்கான அமெச்சூர் ரேடியோ தேர்வில் மின்னணுவியலையும் விதிமுறைகளையும் கேட்கிறார்கள். மைக்கைப் பிடித்தவுடன் நாக்கு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற கேள்வி எந்தத் தாளிலும் வருவதில்லை. தொலைபேசியில் மறுமுனையில் இருப்பவர் ஒருவர்தான். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரண்டு மீட்டர் பேண்ட் என்ற அலைவரிசைத் தொகுப்பிலோ யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதே தெரியாது. போதாக்குறைக்கு, ரெஸ்ட்ரிக்டட் என்ற தொடக்கநிலை உரிமக்காரர்களின் கால்சைனுக்கு, அதாவது வானலை அடையாளக் குறிக்கு, வழங்கப்படும் 'விக்டர் யூனிஃபார்ம் த்ரீ' (VU3) என்ற தொடக்கம், எல் போர்டு மாட்டிய வண்டியைப் போல, ஆள் புதிது என்று ஊருக்கே அறிவித்துவிடுகிறது.

கூச்சத்தில் பாதி, கால்சைனைச் சொல்லும்போது தடுமாறிவிடுவோமோ என்ற அச்சம்தான். ஏ, பி, சி என்ற எழுத்துகளுக்குப் பதிலாகச் சொல்லும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற வரிசையை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் 'கே' என்ற எழுத்தைக் கண்டதும் 'கிலோ' என்று யோசிக்காமல் வாயில் வர வேண்டும். அந்தப் பயிற்சிக்கு எண்ணூர் விரைவுச் சாலை தோதாக அமைந்தது. துறைமுகத்துக்குள் நுழைய வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களில், ஒவ்வொரு கண்டெய்னரின் மீதும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு எண்களும் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். டீக்கடை பெஞ்சில் அமர்ந்து அவற்றை முணுமுணுப்பேன். நான்காவது எழுத்து பெரும்பாலும் 'யூ' என்பதால் 'யூனிஃபார்ம்' நன்றாகவே படிந்துவிட்டது. "இன்னா தம்பி, டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல வேலையா?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

முதல் பேச்சுக்கு நெட்டை, அதாவது பலர் வானலையில் கூடி முறைவைத்துப் பேசும் கூட்டத்தை, தேர்ந்தெடுத்தேன். யாராவது பேச வாருங்கள் என்ற பொருளில் சி.க்யூ. என்று பொதுவாக அழைத்தால் யார் பதில் தருவார், எதைப் பேசுவார் என்பது தெரியாது. நெட்டிலோ நடத்துபவர் ஒவ்வொருவராக அழைப்பார். நம் முறை வரும்போது கால்சைன், பெயர், ஊர், சிக்னல் நிலவரம் ஆகியவற்றைச் சொன்னால் போதும். இவற்றைத் தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்டேன். நம் சிக்னலை வாங்கித் தொலைவுக்கு மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் விழித்துக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், பொத்தானை அழுத்தியவுடன் பேசாமல் ஒரு விநாடி பொறுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் எழுத்து அறுபட்டுவிடும். அந்த ஒரு விநாடி, மூச்சை நிதானப்படுத்திக்கொள்ளவும் உதவியது.

"வாங்க தம்பி, ஆடியோ தெளிவா இருக்கு. ஆன்டெனா என்ன போட்டிருக்கீங்க?" என்று நெட் நடத்தியவர் கேட்டார். கூச்சம் போனது அங்கேதான். மொட்டைமாடியில் பி.வி.சி. குழாயின் உச்சியில் நிற்கும், ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) ஆன்டெனாக் கம்பியைப் பற்றியும், தண்டையார்பேட்டையின் உப்புக்காற்றில் பச்சை பூத்த கனெக்டரைச் சுரண்டிவிட்டு ரப்பர் டேப் சுற்றியதைப் பற்றியும் தாளைப் பாராமலே சொன்னேன். புதியவர்கள் குரலைத் திருத்துவதிலேயே கவனமாக இருக்கிறோம். சொல்வதற்குக் கையில் ஒரு சங்கதி இருந்தால் குரல் தானே வந்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

நாற்பது மீட்டர் பேண்டில் பேச இன்னும் தயக்கம் இருக்கிறது. அதற்கான டைபோல் என்ற கம்பி ஆன்டெனா ஏறத்தாழ 20 மீட்டர் நீளம் வேண்டும். எங்கள் மாடி அவ்வளவு நீளமில்லை. மறுமுனையைத் தம் தண்ணீர்த் தொட்டித் தூணில் கட்டிக்கொள்ளப் பக்கத்து வீட்டு அண்ணன் சம்மதித்திருக்கிறார். அந்தக் கம்பியில் துணி காயப்போடக் கூடாது என்பதை அண்ணிக்குத்தான் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.