பத்தாவது முடித்த பிள்ளைக்கு எந்த குரூப்? கடலூர் பக்கத்துப் பெற்றோருக்குச் சில கணக்குகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் கடலூரில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "இத்தனை வருஷம் அரசுப் பள்ளியில் படிச்சாச்சு, ப்ளஸ் ஒன்னுக்காவது நல்ல தனியார் பள்ளியில் போடுவோம்." நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறவர்களும் உண்டு. கட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்.

6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பதினொன்றில் பள்ளியை மாற்றினால், ஆறாவதிலிருந்து சேர்த்து வைத்த தகுதி அந்த டி.சி.யோடு போய்விடும். அரசு உதவி பெறும் எய்டட் பள்ளியும் அரசுப் பள்ளி மாதிரிதானே என்று நினைத்து மாற்றுகிறவர்கள் நிறைய பேர். 7.5 சதவீதத்துக்கு எய்டட் பள்ளி சேராது. கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கு மட்டும் எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் வருவார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

"எங்க ஊர்ப் பள்ளியில் கேட்ட குரூப் இல்லையே" என்றால், அந்த குரூப் இருக்கிற வேறு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுங்கள். பஸ் பாஸ் இலவசம். தினமும் அரை மணி நேரம் பஸ்ஸில் போய் வருவது, பின்னால் நான்கு வருடக் கட்டணம் கட்டுவதைவிட மேல்.

இனி குரூப். மார்க்கை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே வழக்கம்: 450-க்கு மேல் என்றால் பயோ-மேத்ஸ், அதற்குக் கீழே கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னும் கீழே காமர்ஸ். இது தவறான வழக்கம். எந்தப் பாடத்தை விட்டால் எந்தப் படிப்புக்குப் பிறகு விண்ணப்பிக்கவே முடியாது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். கட்-ஆஃப் 200-க்குப் போடுவார்கள். கணிதம் 100-க்கு அப்படியே; இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைந்து 50, 50. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 எடுத்த பிள்ளைக்கு 92 + 44 + 45 = 181. கணிதத்தில் பத்து மார்க் குறைந்தால் 171. இயற்பியலில் அதே பத்து குறைந்தால் 176. கணிதம் வராத பிள்ளையைப் பொறியியலுக்காகத் தள்ளிவிட்டால் அடி எங்கே விழும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

மறுபக்கம், "டாக்டர் ஆகணும்" என்று கணிதத்தை விட்டுப் பியூர் சயின்ஸ் எடுப்பவர்கள். நீட் கைகூடாவிட்டால் பொறியியல் கலந்தாய்வுக்குத் திரும்ப முடியாது. ஆனால் வழியே இல்லை என்றும் பயப்பட வேண்டாம். பி.எஸ்சி. நர்சிங், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு மாநில ஒதுக்கீட்டில் ப்ளஸ் டூ மார்க்தான், நீட் இல்லை. இவற்றையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு பியூர் சயின்ஸ் எடுத்தால் சரி. நீட் ஒன்றை மட்டும் நம்பி எடுத்தால் ஆபத்து.

பயோ-மேத்ஸ் இரண்டு பக்கமும் போக வழிவிடும், உண்மைதான். அதற்கான விலையும் உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் செய்முறைத் தேர்வு. கணிதம் தனியாக 90 மார்க் எழுத்துத் தேர்வு. நாள் முழுக்கப் பள்ளி, மாலையில் நீட் கோச்சிங், நடுவில் கணித டியூஷன் என்று ஓடும் பிள்ளை பெரும்பாலும் கணிதத்தைத்தான் முதலில் கைவிடும்.

முடிவு செய்ய ஒரு எளிய சோதனை இருக்கிறது. ரிசல்ட்டுக்கும் சேர்க்கைக்கும் நடுவில் கிடைக்கும் நாட்களில் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை வாங்குங்கள், அல்லது பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். முதல் பாடம் 'கணங்கள், தொடர்புகள் மற்றும் சார்புகள்'. தினம் ஒரு மணி நேரம், ஒரு வாரம் பிள்ளை தானே உட்கார்ந்து பார்க்கட்டும். எல்லாம் புரிய வேண்டும் என்றில்லை. எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடி மறுபடி போட முயற்சி செய்கிறதா, மூன்றாம் நாளே எழுந்து போய்விடுகிறதா என்று கவனியுங்கள். அதே போல ஒரு வாரம் கணக்குப்பதிவியல் புத்தகம்: பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு. பத்தாவதில் 95 எடுத்ததைவிட இந்த இரண்டு வாரம் அதிகம் சொல்லும்.

காமர்ஸ் எடுப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. சி.ஏ. எண்ணம் துளி இருந்தாலும், நான்காவது பாடமாக வணிகக் கணிதமும் புள்ளியியலும் இருக்கும் குரூப்பைத் தேடுங்கள். சி.ஏ.வின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனின் நான்கு தாள்களில் ஒன்று முழுக்க வணிகக் கணிதம், புள்ளியியல், தர்க்கம்தான்.

பாலிடெக்னிக்கை 'மார்க் இல்லாதவன் போற இடம்' என்று சொல்வதை நிறுத்த வேண்டும். ப்ளஸ் டூ இரண்டு வருடம், பி.இ. நான்கு, ஆக ஆறு. டிப்ளமோ மூன்று, லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்து மூன்று, அதுவும் ஆறு. நடுவில் வீட்டுச் சூழ்நிலை மாறி வேலைக்குப் போக வேண்டியிருந்தால், மூன்றாம் வருடமே கையில் ஒரு தகுதி இருக்கும். தடுக்கும் இடம் முதல் வருடக் கணிதம். அங்கே அரியர் விழுந்தால் கடைசி வருடம் வரை கூடவே வரும். விருத்தாசலத்தில் அரசின் செராமிக் தொழில்நுட்பக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பலருக்கு அது நினைவுக்கே வருவதில்லை.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம்; வெல்டர் ஒரு வருடம். இரண்டு வருடப் பிரிவு முடித்தவர்கள் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். நெய்வேலி என்.எல்.சி.யில் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) இடம் கிடைத்தால் நல்ல பயிற்சி, ஆனால் அப்ரண்டிஸ் என்பது நிரந்தர வேலை இல்லை என்பதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

புதுச்சேரி எல்லையோரக் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் போய்ப் படிக்கும் கடலூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டின் 7.5 சதவீதம் கிடையாது. அது அரசுப் பள்ளியாகவே இருந்தாலும் புதுச்சேரிப் பள்ளி. 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் பொறியியல் கலந்தாய்வுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கையை நடத்தும் சென்டாக் வழியாகச் சேர அந்த ஊர்க் குடியிருப்புச் சான்று கேட்பார்கள். அதோடு 2024-25 முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம். அங்கே பத்தாவதில் ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டு கணிதம் உண்டு. மேலே கணிதம் படிக்கப் போகிறவர்களுக்கானது ஸ்டாண்டர்ட். பேசிக் எழுதிய பிள்ளை என்றால், கணித குரூப் தருவார்களா என்பதைச் சேரப் போகும் பள்ளியில் முதலிலேயே கேளுங்கள்.

சான்றிதழ்களை இப்போதே சரிபார்த்துவிடுங்கள். மார்க் ஷீட்டில் 'எஸ். கார்த்திகா', ஆதாரில் 'கார்த்திகா சுப்பிரமணி', சாதிச் சான்றிதழில் வேறு எழுத்து என்று இருந்தால், ப்ளஸ் டூ முடிந்த கையோடு இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைய வேண்டிவரும். அப்போது கலந்தாய்வுத் தேதி காத்திருக்காது. வீட்டில் யாரும் பட்டம் படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் தயாராகுங்கள். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் அந்தச் சலுகை. அண்ணனோ அக்காவோ வாங்கியிருந்தால் தம்பிக்கு வராது.

ஒரு பாடம், இரண்டு பாடம் போன பிள்ளைகள் துணைத் தேர்வுக்கு உடனே பணம் கட்டிவிட வேண்டும். அதில் தேறினால் அதே வருடமே பதினொன்றிலோ பாலிடெக்னிக்கிலோ சேரலாம். தேதியைச் செய்தித்தாளில் பார்க்கலாம் என்று வீட்டில் உட்காராமல், ரிசல்ட் வந்த அந்த வாரமே பள்ளிக்குப் போய் ஹெட்மாஸ்டர் அறையில் கேளுங்கள். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும்.